ஹம்முஸ் யாருடையது? இடைக்கால அரபுச் சமையல் ஏடுகள் சொல்வதும் சொல்லாததும்

2008-இல் லெபனான் தொழிலதிபர்கள் சங்கம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கொண்டைக்கடலை விழுது உணவான ஹம்முஸின் பெயரை லெபனானுக்கே உரியதாக ஐரோப்பிய ஒன்றியத்தில் பதிவு செய்யப் போகிறோம், இஸ்ரேலிய நிறுவனங்கள் அதைத் தங்கள் உணவாக உலகச் சந்தையில் விற்பதை இனி விட மாட்டோம் என்றது அது. அடுத்த இரண்டு ஆண்டுகள் போட்டி தட்டின் அளவில் நடந்தது. 2009 அக்டோபரில் பெய்ரூட்டில் 2,000 கிலோவுக்கு மேல் ஹம்முஸ் செய்து கின்னஸ் சாதனை படைத்தார்கள். 2010 ஜனவரியில் இஸ்ரேலில் ஜெருசலேம் அருகே உள்ள அபு கோஷில் 4,000 கிலோவைத் தாண்டினார்கள். அதே ஆண்டு மே மாதம் லெபனான் 10,452 கிலோ செய்து முடித்தது. லெபனானின் பரப்பளவு 10,452 சதுர கிலோமீட்டர் என்பதால் அந்த எடையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

அன்று கிளம்பிய வாதங்கள் இன்றும் வலம் வருகின்றன. "12-ஆம் நூற்றாண்டு சுல்தான் சலாவுதீன் கண்டுபிடித்தது", "பைபிளிலேயே இருக்கிறது", "13-ஆம் நூற்றாண்டு எகிப்திய உணவு" என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். இவற்றில் எது நிற்கும் என்று பார்க்க, இடைக்காலத்து அரபுச் சமையல் நூல்களைத் திறக்க வேண்டும். மசித்த கொண்டைக்கடலை அவற்றில் இருக்கிறது. ஆனால் இன்று நம் தட்டுக்கு வரும் ஹம்முஸ் அவற்றில் இல்லை. இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் உரிமைச் சண்டையின் பெரும்பகுதி தானாகத் தெளிந்துவிடும்.

## எதை ஹம்முஸ் என்கிறோம்?

அரபியில் ஹம்முஸ் என்பது கொண்டைக்கடலையின் பெயர். உணவின் முழுப் பெயர் ஹம்முஸ் பி தஹினா, அதாவது தஹினி என்ற எள் விழுது சேர்த்த கொண்டைக்கடலை. பழைய நூலில் "ஹம்முஸ்" என்று கண்டதும் அந்த உணவே கிடைத்துவிட்டதாக எண்ணுவதுதான் பெரும்பாலான குழப்பங்களுக்குக் காரணம். 1226-இல் முகம்மது அல்-பாக்தாதி எழுதிய சமையல் நூலில் எத்தனையோ இறைச்சிக் குழம்புகளில் ஹம்முஸ் வருகிறது. தோல் நீக்கிய கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி போடு என்பதற்கு மேல் அங்கே பொருள் எதுவும் இல்லை.

இன்றைய உணவை அடையாளம் காண நான்கு கூறுகள் வேண்டும்.

1. தோல் கழன்று குழையும் அளவுக்கு வெந்து மசிந்த வெள்ளைக் கொண்டைக்கடலை.
2. தஹினி. தோல் நீக்கிய எள்ளை இலேசாக வறுத்து, எண்ணெய் பிரிந்து வழியும் வரை அரைத்த விழுது.
3. எலுமிச்சைச் சாறு.
4. பூண்டும் உப்பும். ஆலிவ் எண்ணெய் மேலே ஊற்றுவது. விழுதுக்குள் அது கட்டாயமில்லை.

இந்த நான்கும் ஒரே காலத்தில் ஒரே ஊருக்கு வந்து சேர்ந்தவை அல்ல. கொண்டைக்கடலையின் காட்டு மூதாதை இன்றும் தென்கிழக்குத் துருக்கியின் ஒரு குறுகிய பகுதியில் வளர்கிறது. சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் அந்த வட்டாரத்தில்தான் அது பயிராக்கப்பட்டது. எள் நம் துணைக்கண்டத்துப் பயிர். ஹரப்பாவில் கருகிய எள் கிடைத்திருக்கிறது. இங்கிருந்து மேற்கே மெசபொத்தேமியாவுக்குப் போனது. எலுமிச்சைதான் கடைசியாக வந்தது. நாரத்தை வகையும் கிச்சிலி வகையும் கலந்து உருவான இந்தக் கலப்பினம், கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளில் பரவலாகப் பயிரானது இஸ்லாமிய ஆட்சிக் காலத்தில், சுமார் 10-ஆம் நூற்றாண்டிலிருந்து. எனவே எலுமிச்சை பிழிந்த ஹம்முஸுக்கு பைபிள் காலத்துப் பழமை கோர யாராலும் முடியாது.

## எந்த ஏட்டில் என்ன இருக்கிறது?

அரபுச் சமையல் நூல்கள் ஏராளமாகத் தப்பிப் பிழைத்திருக்கின்றன. அதே காலத்து ஐரோப்பாவில் இந்த அளவுக்கு இல்லை. நம் கேள்விக்குத் தேவையானவை இவை.

1. 10-ஆம் நூற்றாண்டு, பாக்தாத். இப்னு சய்யார் அல்-வர்ராக் தொகுத்த நூல். பாக்தாதை ஆண்ட அப்பாஸிய கலீஃபாக்களின் அரண்மனைச் சமையல். வினிகர் சேர்த்துக் குளிரவைத்துப் பரிமாறும் "பவாரித்" என்ற பக்க உணவு வகை இதில் விரிவாக உண்டு. பிற்காலக் கொண்டைக்கடலை விழுதுகள் இந்த மரபில் வருபவை.

2. 13-ஆம் நூற்றாண்டு, சிரியா. "கிதாப் அல்-வுஸ்லா" என்று சுருக்கமாக அழைக்கப்படும் நூல். அலெப்போ வரலாற்றாசிரியர் இப்னு அல்-அதீம் (1192–1262) எழுதியதாகச் சொல்வார்கள். அறிஞர்களிடையே இதில் ஒருமித்த கருத்து இல்லை. மசித்த கொண்டைக்கடலை உணவுகளுக்கு ஆகப் பழைய எழுத்துச் சான்றாகப் பலர் காட்டுவது இதைத்தான்.

3. 14-ஆம் நூற்றாண்டு, கெய்ரோ. "கன்ஸ் அல்-ஃபவாயித்", எண்ணூறுக்கும் மேற்பட்ட செய்முறைகள் கொண்ட, மம்லூக் சுல்தான்கள் எகிப்தை ஆண்ட காலப் பெருநூல், ஆசிரியர் பெயர் இல்லை. இதில் கொண்டைக்கடலையை மசித்து வினிகர், உப்பில் ஊறிய எலுமிச்சை, மூலிகைகள், மசாலா, எண்ணெய் சேர்த்துக் குளிராகப் பரிமாறும் உணவு இருக்கிறது. தஹினியும் பூண்டும் இல்லை.

4. 1373 தேதியிட்ட கெய்ரோ ஏடு. "வஸ்ஃப் அல்-அத்இமா அல்-முஅதாதா", வழக்கமான உணவுகளின் விவரிப்பு என்று பொருள். அல்-பாக்தாதியின் நூலை எடுத்துப் பெரிதாக்கிய தொகுப்பு. இதில்தான் தஹினியும் கொண்டைக்கடலையும் சேர்ந்த, தெளிவான செய்முறை வருகிறது. பெயர் "ஹிம்மஸ் கஸா".

ஓர் எச்சரிக்கை. ஏட்டின் தேதி வேறு, உணவின் வயது வேறு. ஒரு செய்முறை எழுத்தில் ஏறும் முன் எத்தனை தலைமுறை வாயிலும் கையிலும் இருந்தது என்று ஏடு சொல்லாது. மேலும் இவை வசதியானவர்களின் சமையலறைக்கு எழுதப்பட்டவை. கெய்ரோவில் ஏழை ஒருவர் கொண்டைக்கடலையை மசித்து எண்ணெய் விட்டுத் தின்றிருந்தால், அதை எழுதிவைக்க யாருக்கும் தோன்றியிருக்காது.

## ஹிம்மஸ் கஸா: உள்ளே என்ன?

செய்முறை சில வரிகள்தான். கொண்டைக்கடலையை வேகவைத்து நைய இடிக்க வேண்டும். பிறகு வினிகர், எண்ணெய், தஹினி, மிளகு, "அத்ராஃப் தீப்" என்ற மசாலாக் கலவை, புதினா, பார்ஸ்லி, காய்ந்த தைம், வால்நட், ஹேசல்நட், பாதாம், பிஸ்தா, இலங்கைக் கறுவா, வறுத்த கேரவே (சீரகம் போன்ற ஒரு விதை), தனியா, உப்பு, உப்பிலிட்ட எலுமிச்சை, ஆலிவ் எல்லாம் சேர்த்துக் கிளற வேண்டும். அதை உருட்டித் தட்டையாக்கி இரவு முழுக்க விட்டு, மறுநாள் எடுத்துப் பரிமாற வேண்டும். அளவுகள் கிடையாது.

இந்தப் பட்டியலை வெறும் ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அன்றைய மருத்துவ நூல்கள் கொண்டைக்கடலையை உடலுக்கு வலுவும் காமமும் கூட்டும், ஆனால் வாயு உண்டாக்கும் பொருள் என்றன. கேரவே, புதினா, மிளகு போன்றவை அந்த வாயுவுக்கு மாற்று. பருப்பு உணவில் பெருங்காயமும் சீரகமும் சேர்க்கும் நமக்கு இந்தக் கணக்கு விளங்கும்.

மசாலாக்கள் வந்த வழியும் கவனிக்கத்தக்கது. அதே ஏட்டின்படி அத்ராஃப் தீப் கலவையில் ஏலக்காய், கிராம்பு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி, மிளகு, சுக்கு, ரோஜா மொட்டு ஆகியவற்றோடு வெற்றிலையும் உண்டு. மிளகு மலபாரிலிருந்து ஏமன் துறைமுகமான ஏடன் வழியாக, காரிமி வணிகர்கள் எனப்பட்ட குழுவினர் கையால் கெய்ரோ சேர்ந்தது. கறுவாவுக்கு இன்னும் நேரடியான சான்று இருக்கிறது. 1283-இல் இலங்கை அரசன் முதலாம் புவனேகபாகு, மம்லூக் சுல்தான் கலாவுனிடம் தூதர்களை அனுப்பினான். கறுவா உள்ளிட்ட பொருள்களில் எகிப்தோடு நேரடி வணிகம் வேண்டும் என்பது தூதின் நோக்கம். கெய்ரோ சமையற்காரர் கொண்டைக்கடலை விழுதில் கறுவாத் தூள் தூவியது இந்தக் கடல் வணிகத்தின் விளைவு.

### ஏன் இரவு முழுக்க விட்டார்கள்?

இன்றைய ஹம்முஸைக் கரண்டியால் தட்டில் சுழற்றிப் பரப்புகிறோம்; அதை உருட்டித் தட்டையாக்க முடியாது. ஹிம்மஸ் கஸாவைத் தட்டையாக்க முடிந்தது என்றால் அது கெட்டியாக இருந்தது. பதத்தில் அது நம் துவையலை ஒத்தது, பச்சடியை அல்ல. காரணங்கள் மூன்று.

1. உரலில் இடித்த விழுது. மிக்ஸி போல் காற்றும் நீரும் புகுத்தி அடிக்கும் கருவி இல்லை. துகள்கள் பெரியவை.
2. நான்கு வகைக் கொட்டைகள். இவை விழுதில் உள்ள ஈரத்தை இரவில் மெல்ல உறிஞ்சும்.
3. மாவுச்சத்து. சூட்டில் வெந்து இளகிய கொண்டைக்கடலை மாவுச்சத்து, ஆறும்போது மீண்டும் இறுகும். வெந்தவுடன் குழைவாக இருந்த விழுது காலையில் கத்தியால் வெட்டும் பதத்துக்கு வருவது இதனால்.

காத்திருப்பதால் சுவையும் மாறும். வினிகரின் முதல் நெடி அடங்கும். காய்ந்த மூலிகைகள் ஊறி மணம் விடும். பவாரித் மரபில் முந்திய நாளே செய்துவைப்பது விருந்து சமைப்பவருக்கு வசதியும் கூட.

## எது போய், எது வந்தது?

ஹிம்மஸ் கஸாவிலிருந்து இன்றைய ஹம்முஸுக்கு வர, பெரும்பாலும் கழித்தல்தான் நடந்திருக்கிறது. கொட்டைகள், மசாலாக் கலவை, தைம், கேரவே எல்லாம் விழுதிலிருந்து வெளியேறின. சில இன்னும் மேலே அலங்காரமாகத் தங்கியிருக்கின்றன: பார்ஸ்லி, ஆலிவ் எண்ணெய், சில ஊர்களில் சீரகத் தூள். உள்ளே வந்தவை பூண்டும் புதிய எலுமிச்சைச் சாறும்.

புளிப்பு மாறியதுதான் முக்கியமான திருப்பம் என்பது என் கருத்து. எலுமிச்சை அப்போதே கெய்ரோவில் தாராளமாகக் கிடைத்தது. சலாவுதீனின் மருத்துவர் இப்னு ஜுமய் (இறப்பு 1198) எலுமிச்சையைப் பற்றித் தனி நூலே எழுதினார். பழத்தைப் பிளந்து உப்பு அடைத்து ஊறவைக்கும் முறை அதில் இருக்கிறது. அப்படியிருந்தும் கொண்டைக்கடலை விழுதில் திரவப் புளிப்புக்கு வினிகரையே ஊற்றினார்கள். எலுமிச்சை உப்புத் துண்டுகளாக மட்டும் வந்தது. வினிகருக்குத் தனி நெடி உண்டு. அந்த நெடியோடு நிற்க மசாலாவும் கொட்டையும் வேண்டியிருந்தது. எலுமிச்சைச் சாறு தஹினியின் கசப்பைத் தணித்து எள்ளின் மணத்தை மேலே கொண்டுவரும். கூட வேறு துணை தேவைப்படாது. சாறு மட்டும் ஊற்றத் தொடங்கியபின் பட்டியல் சுருங்கியது இயல்பான விளைவு.

## வலம்வரும் நான்கு கூற்றுகள்

1. "பிளேட்டோ ஹம்முஸைக் குறிப்பிடுகிறார்." அவருடைய "குடியரசு" நூலில் அத்திப் பழம், கொண்டைக்கடலை, அவரை ஆகியவை உணவுக்குப் பின் கொறிக்கும் பண்டங்களாக வருகின்றன. விழுது இல்லை, எள் இல்லை.

2. "பைபிளில் ரூத் ஹம்முஸ் தொட்டுத் தின்றாள்." ரூத் ஆகமம் 2:14-இல் போவாஸ் அவளிடம் அப்பத்தைத் தோய்த்துச் சாப்பிடச் சொல்வது "ஹோமெத்ஸ்" என்பதில். எபிரேயத்தில் அது வினிகர், தமிழ் பைபிளில் காடி. ஒலி ஒற்றுமையை வைத்து அது கொண்டைக்கடலை என்று இஸ்ரேலிய எழுத்தாளர் மெயிர் ஷாலேவ் வாதிட்டார். ஒலி ஒற்றுமை தவிர அதற்கு வேறு ஆதாரம் இல்லை.

3. "சலாவுதீன் கண்டுபிடித்தார்." அவர் இறந்தது 1193-இல். அவரோடு ஹம்முஸை இணைக்கும் சமகால எழுத்து எதுவும் இல்லை. அவருடைய மருத்துவரின் எலுமிச்சை நூல் இருப்பது உண்மை. அதிலிருந்து ஹம்முஸுக்குத் தாவ முடியாது.

4. "13-ஆம் நூற்றாண்டு எகிப்திய நூலில் இருக்கிறது." முழுத் தவறல்ல, ஆனால் மூன்று நூல்களை ஒன்றாகக் குழைத்த கூற்று. சிரிய நூல் 13-ஆம் நூற்றாண்டு. எகிப்திய நூல்கள் 14-ஆம் நூற்றாண்டு. அந்த எகிப்திய நூல்களிலும் ஒன்றின் விழுதில் தஹினி இல்லை, மற்றதில் உண்டு.

## இரண்டையும் செய்து பார்க்க

சொல்லால் விளக்குவதைவிட இரண்டு தட்டுகளையும் அருகருகே வைத்துச் சுவைப்பது எளிது. முதல் படி இரண்டுக்கும் பொது.

வேகவைத்தல்: 250 கிராம் வெள்ளைக் கொண்டைக்கடலையை மூன்று மடங்கு நீரில், 1 தேக்கரண்டி ஆப்பச் சோடா கலந்து 12 மணி நேரம் ஊறவிடவும். நீரை வடித்து, நன்றாக அலசி, புது நீரில் கால் தேக்கரண்டி சோடாவோடு வேகவைக்கவும். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம்; நுரை பொங்கி ஆவித் துளையை அடைக்கும். இரு விரலால் அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் நசுங்க வேண்டும். சமையல் சோடா தோலிலும் செல் சுவரிலும் உள்ள பெக்டின் என்ற ஒட்டுப்பொருளைக் கரைப்பதால் இந்தக் குழைவு வருகிறது. கிணற்று நீர், ஆழ்துளை நீர் போன்ற கடின நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதே பெக்டினை இறுக்கும். புளிப்பும் அப்படியே, எலுமிச்சையோ வினிகரோ வேகும்போது சேர்த்தால் எத்தனை விசில் வைத்தாலும் கடலை குழையாது. இரண்டு வருடம் கிடங்கில் கிடந்த கடலைக்கும் இதே கதிதான்.

இன்றைய ஹம்முஸ்: வெந்த கடலை முழுவதும், தஹினி 200 கிராம், எலுமிச்சைச் சாறு 4 மேசைக்கரண்டி, பூண்டு 3 பல், உப்பு 1 தேக்கரண்டி, குளிர்ந்த நீர் 100 மி.லி. அளவுக்கு. பூண்டை எலுமிச்சைச் சாற்றிலேயே நசுக்கிப் பத்து நிமிடம் வைத்தால் பச்சை நெடி குறையும். காரத்தை உண்டாக்கும் நொதியைப் புளிப்பு முடக்கிவிடும். தஹினியில் முதலில் ஊற்றும் சிறிது நீர் அதை இறுக்கிக் கட்டியாக்கும். பயந்து எண்ணெய் ஊற்ற வேண்டாம். இன்னும் நீரைச் சிறிது சிறிதாக விட்டு அடித்தால் சட்டென்று இளகி, வெளுத்து, கிரீம் போல வரும். எண்ணெயும் நீரும் நுண்துளிகளாகக் கலந்துவிட்டன என்பதற்கு அந்த வெளுப்புதான் அடையாளம். தஹினியை வீட்டில் அரைப்பதானால் வெள்ளை எள், அதுவும் தோல் நீக்கியது வேண்டும். கறுப்பு எள்ளும் கருகிய எள்ளும் கசப்பைக் கொண்டுவரும்.

ஹிம்மஸ் கஸா: மூலத்தில் அளவு இல்லாததால் இவை நடைமுறைக்கான அளவுகள். வெந்த கடலையை வடிகட்டியில் அரைமணி நேரம் ஆவி போக விட்டு, உரலில் அல்லது மத்தால் மசிக்கவும். தஹினி 120 கிராம், வினிகர் 60 மி.லி., ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி, நான்கு கொட்டைகளும் சேர்ந்து 100 கிராம் (பொடித்தவை), நறுக்கிய புதினாவும் பார்ஸ்லியும் ஒவ்வொரு கைப்பிடி, காய்ந்த தைம் 1 தேக்கரண்டி, வறுத்துப் பொடித்த தனியா 1 தேக்கரண்டி, கேரவே அரை, மிளகு அரை, கறுவா கால் தேக்கரண்டி, உப்பிலிட்ட எலுமிச்சைத் தோல் பாதிப் பழத்தளவு, கொட்டை நீக்கிய ஆலிவ் 10. உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேர்க்கவும்; எலுமிச்சையிலும் ஆலிவிலும் ஏற்கெனவே நிறைய இருக்கும். ஒன்றரை செ.மீ. கனத்தில் பரப்பி, மூடி, குளிர்பெட்டியில் இரவு முழுக்க வைக்கவும். கடலையில் நீர் நின்றிருந்தால் விழுது இறுகாது. வால்நட் தோலைத் தேய்த்து நீக்காவிட்டால் நிறம் கறுத்துக் கசப்பு ஏறும். ஊறுகாய் ஜாடியில் மசாலா கலந்த எலுமிச்சை வேண்டாம், வெறும் உப்பில் ஊறியது மட்டும்.

## புவிசார் குறியீட்டு வாதத்துக்கு இது என்ன செய்கிறது?

லெபனான் பின்பற்ற நினைத்த முன்மாதிரி கிரேக்கத்தின் ஃபெட்டா பாலாடைக்கட்டி. 2002-இல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயரைக் கிரேக்கத்துக்கு மட்டும் ஒதுக்கியது. 2005-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. ஆனால் ஃபெட்டாவுக்குக் கிடைத்த அந்தப் பாதுகாப்பின் அடிப்படை, "யார் முதலில் செய்தார்கள்" என்பது அல்ல. குறிப்பிட்ட நிலப்பரப்பின் ஆடும் செம்மறியும், அவை மேயும் புல்லும், அங்கேயே நடக்கும் தயாரிப்பும் சேர்ந்து பொருளின் தன்மையைத் தீர்மானிக்கின்றன என்று காட்ட வேண்டும்.

ஹம்முஸில் அதைக் காட்டுவது கடினம். பெய்ரூட், டமாஸ்கஸ், நாப்லுஸ், ஜெருசலேம் எல்லா ஊர்களிலும் அது தலைமுறைகளாகக் காலை உணவு. இஸ்ரேலில் குடியேறிய யூதர்கள் அதை அங்கிருந்த பாலஸ்தீன அரபியரிடமிருந்து பழகிக்கொண்டார்கள். பெரிய தயாரிப்பாளர்கள் வாங்கும் எள்ளில் கணிசமானது எத்தியோப்பியாவின் ஹுமேரா வட்டாரத்திலிருந்து வருகிறது. மண்ணோடு கட்டிப்போட உள்ளூர் மூலப்பொருளைக் காட்டுவதே சிரமம். பழமையை ஆதாரமாக வைக்கலாம் என்றாலோ, எழுத்துச் சான்று போய் நிற்பது சிரியாவிலும் கெய்ரோவிலும். கின்னஸ் தட்டுகளை அடுக்கிய இரு நாடுகளிலும் அல்ல. அந்தச் சான்றில் இருப்பதும் வினிகர் ஊற்றி, பிஸ்தா போட்டு, பூண்டே இல்லாமல் இறுகவைத்த வேறொரு உணவு. லெபனானின் கோரிக்கை பதிவாகவில்லை. ஹம்முஸ் என்ற பெயரை எந்த நாட்டு நிறுவனமும் ஐரோப்பாவில் இன்றும் அச்சிட்டு விற்கலாம்.